ஒரு பை தேயிலை

'பிராட்சர்ச்' தொடரைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாறை மறந்திருக்காது. கடலை ஒட்டிச் செங்குத்தாக நிற்கும் தேன் நிறப் பாறை. கீழே மணல், அலை, காலை வெயில். அந்த மணலில் ஒரு சிறுவனின் உடல். 2013இல் வந்த தொடர். இங்கிலாந்தின் தென்கரையில், டோர்செட் மாவட்டத்தில் வெஸ்ட் பே என்ற சின்னத் துறைமுக ஊரில் அந்தக் காட்சிகளை எடுத்தார்கள். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊர், அதில் ஒரு கொலை, வெளியூரிலிருந்து வந்த ஒரு துப்பறியும் அதிகாரி. அதற்குப் பிறகு ஓடிடியில் வந்த பாதித் தொடர்களுக்கு இதுதான் அச்சு. அழகான கடற்கரை ஊராக ஒன்றைப் பிடி, அதில் ஒரு பிணத்தைப் போடு.

இந்த வகைக் கதைகளில் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: யார் செய்தது?

அதே டோர்செட் மாவட்டத்தில், வெஸ்ட் பேவுக்குக் கிழக்கே, பூல் என்றொரு துறைமுகம் இருக்கிறது. 1747இல் அங்கே தொடங்கிய ஒரு நிஜக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். இதில் யார் செய்தது என்ற கேள்விக்கே வேலையில்லை. யார் செய்தது என்று சுற்றுவட்டாரத்தில் ஏகப்பட்ட பேருக்குத் தெரியும். அங்கே இருந்த கேள்வி வேறு: யார் வாயைத் திறப்பது?

*

முதலில் தேநீர். இந்தக் கதையில் ரத்தத்துக்கு முன்னால் வருவது அதுதான்.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தேயிலை சீனாவிலிருந்து வந்தது. சட்டப்படி அதைக் கொண்டுவரும் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மட்டும். அதன்மேல் அரசாங்கம் போட்ட வரி ஏறி இறங்கி, கடைசியில் 1784 வாக்கில் சராசரியாக 119 சதவீதத்தில் வந்து நின்றது. அதாவது சரக்கின் விலையைவிட வரி அதிகம். ஆனால் அதற்குள் தேநீர் பணக்காரர் வீட்டுப் பண்டமாக இல்லை. கூலிக்காரர் வீட்டிலும் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்துவிட்டது. ஒருமுறை நாக்கில் ஒட்டிக்கொண்ட பழக்கம் விடுமா? நமக்குத் தெரியாததா.

கால்வாயின் அந்தப் பக்கம் பிரான்ஸ். நடுவில் குவெர்ன்சி போன்ற தீவுகள். அங்கே இதே தேயிலை பாதி விலைக்கும் கீழே. இருட்டில் ஒரு படகு, கரையில் குதிரைகள், அவ்வளவுதான் முதலீடு. ஒரு விவசாயக் கூலி வாரம் முழுக்க வயலில் குனிந்து சம்பாதிப்பதை, ஒரு ராத்திரி மூட்டை தூக்கினால் சம்பாதித்துவிடலாம். சில கணக்குகளின்படி, அந்நாட்டில் குடித்த தேநீரில் பாதிக்கு மேல் கள்ளத்தனமாக வந்தது. பாதிரியார் குடித்ததும் அதுதான், மாஜிஸ்திரேட் குடித்ததும் அதுதான்.

தேயிலை மட்டுமல்ல. பிராந்தி, ரம், புகையிலை, துணி. துணி என்றதும் நம்ம ஊருக்கு ஒரு நூல் நீளுகிறது. சோழமண்டலக் கரையில் நெய்து, சாயமேற்றி, சென்னைக் கோட்டை வழியாகக் கப்பலேறிய அச்சுத் துணிகள் லண்டனில் அப்படி விற்றன. உள்ளூர்க் கம்பளி நெசவாளர்கள் கொதித்துப்போனார்கள். 1700இலும் 1721இலும் சட்டம் போட்டு அந்தத் துணிகளை உடுத்துவதையே தடுத்தார்கள். தடுத்ததும் என்ன ஆகும்? நம் நெசவாளியின் தறியிலிருந்து போன துணியும் அந்த இருட்டுக் கரைகளில் மூட்டையாக இறங்கியது.

இப்படிப்பட்ட ஒரு ஊரில் கடத்தல்காரனை யாரும் குற்றவாளியாகப் பார்க்கவில்லை. அவன் பக்கத்து வீட்டுப் பையன். வரி வாங்குகிறவன்தான் அந்நியன். இதைப் புரிந்துகொள்ளாமல் பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது. மௌனம் அங்கே முதலில் ஒரு நன்றியாகத்தான் பிறந்தது.

*

ஹாக்ஹர்ஸ்ட் என்பது கென்ட் மாவட்டத்தில் கடலிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் கிராமம். 1730களின் நடுவிலிருந்து அந்த ஊர்ப் பெயரில் ஒரு கும்பல் எழுந்தது. பத்து ஆண்டுகளில் கென்ட், சசெக்ஸ் தாண்டி டோர்செட் வரை அதன் கை நீண்டது. நூற்றுக்கணக்கான ஆட்களையும் குதிரைகளையும் ஒரே இரவில் திரட்டக்கூடிய கும்பல்.

சசெக்ஸில் ரை என்று ஒரு நகரம். சரிவான கூழாங்கல் தெரு, சாய்ந்து நிற்கும் பழைய மரச்சட்ட வீடுகள். இன்றைக்கு இன்ஸ்டாகிராமில் நீங்கள் பார்த்திருக்கலாம். அந்தத் தெருவில் 'மெர்மெய்ட்' என்ற பழைய விடுதி இருக்கிறது. ஹாக்ஹர்ஸ்ட் ஆட்கள் அங்கே உட்கார்ந்து குடிக்கும்போது, குண்டு நிரப்பிய துப்பாக்கிகளை மேசைமேல் பகிரங்கமாக வைத்துக்கொள்வார்களாம். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

அரசாங்கம் சும்மா இருந்ததா? இல்லை. சட்டங்கள் அடுக்கடுக்காக வந்தன. 1746இல் வந்த சட்டம் கொடூரமானது. ஆயுதத்தோடு கூடிக் கடத்தினால் தூக்கு. அரசிதழில் பெயர் வெளியான கடத்தல்காரன் குறித்த நாளுக்குள் சரணடையாவிட்டால், விசாரணையே இல்லாமல் மரண தண்டனைக்குரியவன். சுங்க அதிகாரி கொல்லப்பட்டு ஆள் அகப்படாவிட்டால், அந்த வட்டாரத்தின்மேலேயே அபராதம்.

இந்தக் கடைசி விதியைக் கவனியுங்கள். ஊர் வாய் திறக்காது என்பது அரசாங்கத்துக்கும் தெரிந்திருந்தது. ஆனால் இத்தனை கடுமையான தண்டனை என்ன செய்தது? மூட்டை தூக்கினாலும் தூக்கு, ஆளைக் கொன்றாலும் தூக்கு என்றால், சாட்சியை உயிரோடு விடுவதில் கடத்தல்காரனுக்கு லாபமே இல்லை.

ஒரு ஊர் எதிர்த்து நின்றது. கௌட்ஹர்ஸ்ட். மலைமேல் தேவாலயம் உள்ள கென்ட் கிராமம். கும்பலின் அட்டகாசம் தாங்காமல் அவர்கள் ஊர்க்காவல் படை ஒன்றை அமைத்தார்கள். முன்னாள் ராணுவ வீரர் வில்லியம் ஸ்டர்ட் தலைமை. செய்தி கும்பலுக்குப் போனது. இன்ன நாளில் வந்து ஊரைக் கொளுத்துவோம் என்று நாள் குறித்து அனுப்பினார்கள். ஊர் ஓடவில்லை. ஈயத்தை உருக்கிக் குண்டு வார்த்தது. 1747 ஏப்ரலில் சொன்னபடி வந்தார்கள். சண்டையில் கும்பல் தலைவன் தாமஸ் கிங்ஸ்மில்லின் சகோதரன் ஜார்ஜ் செத்தான். மற்றவர்கள் பின்வாங்கினார்கள்.

பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த ஊர் ஒரு பதில். ஆனால் இது சேர்ந்து பேசிய ஊர். தனியாக ஒருவன் பேசினால்?

*

1747 செப்டம்பரில் 'த்ரீ பிரதர்ஸ்' என்ற கடத்தல் படகைச் சுங்கக் கப்பல் ஒன்று மடக்கியது. குவெர்ன்சியிலிருந்து வந்த படகு. உள்ளே ஒன்றரை டன்னுக்கு மேல் தேயிலை, கூடவே பிராந்தியும் ரம்மும். எல்லாவற்றையும் பூல் துறைமுகத்தின் சுங்கக் கிடங்கில் வைத்துப் பூட்டினார்கள்.

கடத்தல்காரர்கள் அதைக் களவுபோன தங்கள் சரக்காகவே பார்த்தார்கள். அக்டோபர் 6ஆம் தேதி இரவு முப்பது பேர் ஆயுதங்களுடன் பூலுக்கு வந்தார்கள். கிடங்குக்கு நேர் எதிரே போர்க்கப்பல் ஒன்று நின்றது. சிலர் தயங்கினார்கள். ஆனால் கடல் வற்றி, கப்பல் தாழ இறங்கிவிட்டிருந்தது. அதன் பீரங்கிகளால் கிடங்கைக் குறிபார்க்க முடியாது. கதவை உடைத்தார்கள். பிராந்தியைத் தொடவில்லை, குதிரைமேல் ஏற்ற முடிந்த தேயிலையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அரசாங்கத்தின் கிடங்கை உடைத்தவர்கள் மறுநாள் ஒளிந்தா போனார்கள்? பட்டப்பகலில், நெடுஞ்சாலையில், வரிசையாக.

வழியில் ஹாம்ப்ஷயரின் ஃபோர்டிங்பிரிட்ஜ். ஊரே தெருவோரம் திரண்டு நின்று வேடிக்கை பார்த்தது. தேர் பார்க்கிற மாதிரி. அந்தக் கூட்டத்தில் டேனியல் சேட்டர் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி நின்றிருந்தார். குதிரையில் போனவர்களில் ஒருவன் ஜான் டைமண்ட். இருவரும் முன்பு ஒன்றாக அறுவடை வேலை பார்த்தவர்கள். டைமண்ட் அவரை அடையாளம் கண்டுகொண்டான். போகிற போக்கில் ஒரு சின்னப் பை தேயிலையைத் தூக்கிப் போட்டான்.

பழைய சிநேகிதனுக்கு ஒரு பரிசு. அதைத் தவிர அதில் ஒன்றுமில்லை.

சேட்டருக்கு அன்றைக்குப் பெருமை பிடிபட்டிருக்காது. ஊர் வாய்பிளந்து பார்த்த ஊர்வலத்தில் ஒருத்தன் தன்னைப் பேர் சொல்லும் அளவுக்குத் தெரிந்தவன். அக்கம்பக்கத்தில் சொன்னார். அவன் எனக்குத் தெரிஞ்சவன்தான், நாங்க ஒண்ணா அறுவடைக்குப் போவோம் என்கிற மாதிரி. நாமாக இருந்தாலும் சொல்லியிருப்போம். அந்தப் பேச்சு வாய் மாறி வாய் மாறிச் சுங்க அலுவலகம் வரை போய்ச் சேர்ந்தது. டைமண்டைச் சந்தேகத்தின்பேரில் பிடித்து சிசெஸ்டரில் அடைத்தார்கள். அவனை அடையாளம் காட்ட ஆள் வேண்டும். செருப்புத் தைக்கிறவர் சாட்சியாகிவிட்டார்.

*

1748 பிப்ரவரி 14, ஞாயிற்றுக்கிழமை. வில்லியம் கேல்லி என்ற கீழ்நிலைச் சுங்க ஊழியர் துணைக்கு வர, சேட்டர் குதிரையில் கிளம்பினார். கேல்லியிடம் மாஜிஸ்திரேட்டுக்கு ஒரு கடிதம். வழி சரியாகத் தெரியாமல் விசாரித்து விசாரித்துப் போனார்கள். மதியம் ரோலண்ட்ஸ் காசில் என்ற கிராமத்தில் ஒரு விடுதியில் இறங்கினார்கள்.

விடுதியை நடத்தியவர் ஒரு விதவை. பெயர் எலிசபெத் பெய்ன். இரண்டு பிள்ளைகளும் கடத்தல் தொழிலில். மாஜிஸ்திரேட்டின் வீட்டுக்கு வழி கேட்கும் இரண்டு வெளியூர்க்காரர்களைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் தட்டியது. ஆள் அனுப்பினார். வில்லியம் ஜாக்சன், வில்லியம் கார்ட்டர் என இருவர் வந்தார்கள், பிறகு இன்னும் சிலர். கிளம்புகிறோம் என்று விருந்தாளிகள் எழுந்தபோது, லாயத்துச் சாவி வைத்திருப்பவன் வெளியே போயிருக்கிறான் என்றார் அந்த அம்மா. அதுவரை இன்னொரு கோப்பை குடியுங்கள். குடித்தார்கள். தூங்கிப்போனார்கள். தூங்கும்போது கடிதத்தை எடுத்துப் பிரித்தார்கள்.

அடுத்த அறையில் ஒரு கூட்டம் நடந்தது. இரண்டு பேரையும் பிரான்சுக்கு அனுப்பிவிடலாமா? எங்கேயாவது அடைத்துவைத்து, டைமண்டுக்கு என்ன தீர்ப்போ அதையே இவர்களுக்கும் கொடுக்கலாமா? அதுவரை சாப்பாட்டுச் செலவுக்கு ஆளுக்கு வாரம் மூன்று பென்ஸ் போடலாம் என்றுகூடக் கணக்குப் பார்த்தார்கள். ஏதோ ஊர்ப்பொது வரிமாதிரி. அப்போது அங்கே இருந்த ஜாக்சன், கார்ட்டர் வீட்டுப் பெண்கள்தான் சொன்னார்கள்: இவர்கள் நம் ஆட்களைத் தூக்கில் போட வந்தவர்கள், இவர்களைத் தூக்கில் போடுங்கள்.

அன்றிரவு நடந்ததை விரிவாக எழுத எனக்குக் கை வரவில்லை. இருவரையும் ஒரே குதிரையில் ஏற்றி, குதிரையின் வயிற்றுக்குக் கீழே கால்களைக் கட்டி, மைல்கணக்கில் சாட்டையால் அடித்துக்கொண்டே போனார்கள். ரேக் என்ற ஊருக்குப் போய்ச் சேரும்போது கேல்லி செத்துவிட்டார் என்று நினைத்தார்கள். அங்கிருந்த விடுதிக்காரரை எழுப்பினார்கள். விளக்கு கிடைத்தது, மண்வெட்டி கிடைத்தது. நரி தோண்டிய குழி ஒன்றில் அவரைப் புதைத்தார்கள்.

சேட்டரைக் கொல்லவில்லை. டிராட்டன் என்ற ஊரில் ஒரு வீட்டுக் கொட்டகையில் சங்கிலியால் கட்டிப் போட்டார்கள். பிறகு செய்ததுதான் எனக்கு அந்தச் சாட்டையைவிடப் பயங்கரமாகத் தெரிகிறது. ஒவ்வொருவரும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். அக்கம்பக்கத்தில் யாரும் 'எங்கே காணோம்' என்று கேட்டுவிடக் கூடாது அல்லவா. இயல்பாக இருந்துவிட்டு, சில நாள் கழித்து மறுபடி கூடி, கொட்டகையில் கிடப்பவரை என்ன செய்வது என்று பேசினார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. குண்டு போட்ட துப்பாக்கியைச் சேட்டரின் தலைக்குக் குறிவைத்து நிறுத்துவது. விசையில் ஒரு நீளமான கயிற்றைக் கட்டுவது. எல்லோரும் சேர்ந்து அந்தக் கயிற்றைப் பிடித்து இழுப்பது. அப்படிச் செய்தால் கொன்றது யார் என்று ஒருவனைக் கைகாட்ட முடியாது. எல்லோரும் செய்தார்கள் என்றால் யாரும் செய்யவில்லை.

அந்த யோசனையைக் கைவிட்டதற்குக் காரணம் இரக்கம் இல்லை. சாவு சீக்கிரம் வந்துவிடும் என்பதுதான். லேடி ஹோல்ட் பூங்காவில் ஒரு பாழுங்கிணறு. கழுத்தில் சுருக்கிட்டு அதில் இறக்கினார்கள். கயிறு குட்டை. உயிர் போகவில்லை. அவிழ்த்துத் தலைகீழாகத் தள்ளினார்கள். முனகல் கேட்டது. கற்களையும் மரக்கட்டைகளையும் போட்டார்கள். சத்தம் நின்றது.

*

பல மாதங்கள் சுற்றுவட்டாரம் எதுவும் பேசவில்லை. கேல்லியின் ரத்தம் படிந்த மேலங்கி சாலையில் கிடைத்திருந்தது. இருவரையும் காணவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கடைசியில் பெயர் போடாத ஒரு கடிதம் வந்தது: ஒருவன் இன்ன இடத்தில் புதைந்திருக்கிறான். தோண்டினார்கள். கேல்லி கிட்டத்தட்ட நிமிர்ந்த நிலையில், முகத்தைக் கைகளால் மூடியபடி இருந்தார். உயிரோடு புதைத்திருக்கிறார்கள் என்று கண்டவர்களுக்குப் புரிந்தது. இன்னொரு கடிதம் ஒரு பெயரைக் கொடுத்தது: வில்லியம் ஸ்டீல். அவன் அப்ரூவர் ஆனான். அதன்பின் கயிறு ஒவ்வொரு இழையாகப் பிரிந்தது.

வழக்கை விடாமல் துரத்தியவர் இரண்டாம் ரிச்மண்ட் பிரபு சார்லஸ் லெனாக்ஸ். சிசெஸ்டருக்குப் பக்கத்தில் குட்வுட்டில் அவர் மாளிகை. கிரிக்கெட் வெறியர் வேறு. 1727இல் ஒரு பந்தயத்துக்காக அவர் எழுதிக்கொண்ட விதிமுறைகள் கிரிக்கெட் வரலாற்றில் மிகப் பழையவற்றில் சேரும். விதிமுறை மீறப்பட்டால் கோபம் வரும் ஆள் போலிருக்கிறது. லண்டனிலிருந்து மூன்று நீதிபதிகளை வரவழைத்து, சிசெஸ்டரிலேயே சிறப்பு நீதிமன்றம் கூட்டினார்கள். 1749 ஜனவரி 16ஆம் தேதி தொடங்கிய விசாரணை, மூன்று நாளில் தீர்ப்பு. ஏழு பேருக்குத் தூக்கு. ஜாக்சன் தண்டனைக்கு முன்பே சிறையில் செத்தான். உடலைத் தொங்கவிடும் இரும்புச் சங்கிலிக்கு அளவெடுத்தபோது அந்தப் பயத்திலேயே உயிர் போனதாகச் சொல்வார்கள். மற்ற ஆறு பேரை 19ஆம் தேதி ஊருக்கு வெளியே தூக்கிலிட்டார்கள். அவர்களில் இரண்டு பேரின் உடல்களை, அவர்கள் சரக்கிறக்கிய செல்சி கடற்கரையிலேயே சங்கிலியில் தொங்கவிட்டார்கள். அதே ஏப்ரலில் பூல் கிடங்கை உடைத்த குற்றத்துக்காகத் தாமஸ் கிங்ஸ்மில்லும் லண்டனில் தூக்கில் தொங்கினான். ஹாக்ஹர்ஸ்ட் கும்பல் முடிந்தது.

கடத்தல் முடிந்ததா? அதுதான் இல்லை. இன்னும் 35 ஆண்டு ஓடியது. 1784இல் பிரதமர் இளைய வில்லியம் பிட் தேயிலை வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைத்தார். நஷ்டத்தை வீட்டு ஜன்னல்களுக்கான வரியை ஏற்றிச் சரிக்கட்டினார். சட்டப்படி வரும் தேயிலை ஓராண்டில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. தேயிலைக் கடத்தல் தொழிலின் முதுகெலும்பு முறிந்தது. தூக்குக்கயிறு செய்யாததை ஒரு வரிக்குறைப்பு செய்தது. அதை 1747க்கு முன்பே செய்திருந்தால் அந்தக் கிணற்றில் யாரும் விழுந்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கும்போது, அரசாங்கத்தின் கையும் அந்தக் கயிற்றில் இருந்தது என்று தோன்றாமல் இல்லை.

*

பயம் போனதும் ஏக்கம் வந்தது. கடத்தல்காரன் கதாநாயகனானான். 1898இல் டோர்செட் கரையை வைத்து ஃபாக்னர் எழுதிய 'மூன்ஃப்ளீட்' சிறுவர்களின் சாகச நாவல். 1906இல் சசெக்ஸ்வாசியான கிப்ளிங் கடத்தல்காரர் பற்றி எழுதிய பாட்டு, ராத்திரியில் குதிரைச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும்படி ஒரு சிறுமிக்குச் சொல்கிறது. இங்கிலாந்துப் பிள்ளைகள் அதைப் பள்ளியில் மனப்பாடம் செய்தார்கள். கேட்க அழகான பாட்டுதான். ஆனால் ரோலண்ட்ஸ் காசில் விடுதியைப் பற்றிப் படித்தபிறகு என்னால் அந்தச் சுவரை வேறு மாதிரிதான் பார்க்க முடிகிறது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்ட எத்தனை பேரின் முதுகைத் தாண்டி அந்தக் குதிரை போயிருக்கும், மேலே கட்டிவைத்த இரண்டு பேருடன்?

நான் அந்த ஊர்களைக் குற்றம் சொல்லவில்லை. வாரக்கூலிக்காரனுக்குக் குறைந்த விலையில் தேநீர் கொடுத்தவனைக் காட்டிக்கொடுக்காதது நியாயமாகவே தோன்றியிருக்கும். ஆரம்பத்தில் அது நியாயமும்கூட. அந்த மௌனத்தில் எந்த இடத்தில் நன்றி முடிந்து பயம் தொடங்கியது, எந்த இடத்தில் பயம் முடிந்து கூட்டுக்களவானித்தனம் தொடங்கியது என்று கோடு கிழிக்க முடியவில்லை. விடுதிக்கார அம்மா சாவி இல்லை என்று சொன்ன இடமா? மண்வெட்டி கைமாறிய இடமா? ஒவ்வொருவரும் செய்தது ஒரு சின்னக் காரியம். கயிற்றை எல்லோரும் சேர்ந்து இழுக்கலாம் என்ற அந்த யோசனையை அவர்கள் கைவிட்டதாகப் பதிவு சொல்கிறது. எனக்கென்னவோ கைவிட்டதாகத் தெரியவில்லை.

ஒரு விஷயம் பாக்கி. செத்தவர்கள் இருவரும் அதிகாரத்தின் ஆட்கள் என்று சொல்லிவிட முடியாது. ஒருவர் கீழ்நிலை ஊழியர். இன்னொருவர் அறுவடைக் கூலிக்குப் போன, செருப்புத் தைத்த ஏழை. ஏழைகளின் தொழில் என்று ஊர் பாதுகாத்தது கடைசியில் ஓர் ஏழையைத்தான் கிணற்றில் தள்ளியது.

சிசெஸ்டரில் அந்தத் தூக்குமேடை இருந்த இடத்துக்கு அருகில் இன்றும் ஒரு கல் நிற்கிறது. 'கடத்தல்காரர் கல்' என்று பெயர். செத்தவர்கள் பெயரும் கொன்றவர்கள் பெயரும் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. அதில் இல்லாதது ஒரே ஒரு ஆள்: அந்தப் பெயர் போடாத கடிதத்தை எழுதியவர். அந்த ஊர்ப்பக்கத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும். சந்தையிலும் தேவாலயத்திலும் கொலைகாரர்களைத் தினம் பார்த்து, தலையசைத்து, பல மாதம் அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்க வேண்டும். பிறகு ஒரு நாள் காகிதத்தையும் மையையும் எடுத்து வைத்துக்கொண்டு, சுவர்ப்பக்கத்திலிருந்து திரும்பி உட்கார்ந்திருக்கிறார்.